மஞ்சள் நூல் கட்டிய நாய்கள்

அப்பா வேலை முடிந்து வரும்போது அவருக்கு முன்னால் கார்பாலிக் மருந்து வாடை வந்து சேரும். காக்கிச் சட்டையிலும் விரலிடுக்கிலும் குடியேறிவிட்ட அந்த வாடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் விரட்ட முடியாது. அவர் உருட்டித் தரும் சோற்றிலும் அது லேசாக இருக்கும், நாங்கள் சாப்பிடுவோம். அவருக்கு நாய் வண்டியில் வேலை. சிராங்கூன் ரோட்டிலும் அதன் சந்துகளிலும் திரியும் நாய்களைச் சுருக்குக் கம்பால் பிடித்துக் கம்பி வலை போட்ட வண்டிக்குள் தள்ள வேண்டும். கழுத்தில் லைசென்ஸ் வில்லை தொங்கினால் விட்டுவிடலாம். வில்லை இல்லாமல் வண்டியில் போன நாய் திரும்பி வராது. எங்கள் அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான், அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. தெருப் பிள்ளைகள் என்னை ‘நாய்வண்டி மவ’ என்று கூப்பிட்டார்கள். நாலாம் வகுப்போடு நான் தமிழ்ப் பள்ளியை விட்டதற்கு அது ஒரு காரணம். ஓரிடத்தில் தங்காத கால் இன்னொரு காரணம்.

பள்ளியை விட்டபின் பகலெல்லாம் எனக்குத் தெருதான். எந்த நாய் எந்த ‘அஞ்சடி’யில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்தக் கூரையடி நடைபாதையில், எந்த மூலையில் படுக்கும், எது குட்டி போட்டிருக்கிறது, எதை யார் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதுதான் எங்கள் வீட்டுச் சிக்கல்.

ஒருநாள் கோவில் வாசலில் அவர் கம்பை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த நாயின் கழுத்தில் யாரோ மஞ்சள் நூல் கட்டியிருந்தார்கள். அது வைரவருக்கு நேர்ந்துவிட்டது, அந்தச் சாமியின் வாகனத்தின்மேல் சுருக்குப் போட்டால் கை விளங்காது என்று கூட வேலை பார்த்தவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு அது போதும். அம்மாவின் மஞ்சளை அரைத்து, மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய நூல்கண்டை அதில் நனைத்துக் காயவைத்து, பார்த்த நாய்க்கெல்லாம் கட்டினேன். பொய்தானே என்று பின்னாளில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இரும்பு வில்லை மட்டும் என்ன, நாய் பிறக்கும்போது கழுத்தோடு வந்ததா?

அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் முதலில் சிரித்தார்கள். “இவ கழுத்துக்கு எப்ப மஞ்சக் கயிறு ஏறுமோ, ஊர் நாய்க்கெல்லாம் தாலி கட்டிட்டுத் திரியறா,” என்றாள் அம்மா. ஆனால் நூல் கட்டிய நாய்களை வண்டி தொடுவதில்லை என்று தெருவுக்குத் தெரிந்ததும் விஷயம் என் கையை விட்டுப் போனது. ஏதோ சக்தி இருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை வரத்துக்கு ஒருத்தி கட்டினாள், ஊரிலிருந்து கப்பலில் வரவேண்டிய புருஷனுக்காக இன்னொருத்தி கட்டினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர்சோறும் வடையும் இலையில் வந்தன. நான் விளையாட்டுக்குக் கட்டிய நூல்களுக்கு மேலே நிஜமான வேண்டுதல் நூல்கள் ஏறின.

அதுதான் வினையாகவும் ஆயிற்று. மேலதிகாரியான வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருநாள் ரோட்டில் இறங்கி நடந்து, எல்லா நாயும் மஞ்சள் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டார். இனி வில்லை மட்டும்தான் கணக்கு, மற்ற எதுவும் செல்லாது என்று உத்தரவு வந்தது. மறுநாள் காலையிலேயே மண்டோர் மாணிக்கம் வண்டியோடு வந்து நின்றார். அப்பாவுக்கு மேல் கங்காணியாக இருந்தவர் அவர்; எங்கள் வரிசையிலேயே கோடி வீட்டுக்காரர்.

முதலில் மாட்டியது செவலை என்ற பெட்டை நாய். மசாலா சாமான் விற்கும் ராவுத்தர் கடை அஞ்சடியில், காலிச் சாக்கு அடுக்குக்குப் பின்னால், கண் திறக்காத நாலு குட்டிகளோடு கிடந்தது. நாயைத் தொட மாட்டார் ராவுத்தர், ஆனால் அந்தச் சாக்குகளை மட்டும் நகர்த்தவேண்டாம் என்று கடைப்பையன்களிடம் சொல்லி வைத்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சாக்குகளுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அப்பா கம்போடு வந்து எனக்கு எதிரில் நின்றார்.

“எந்திரி தாயி.”

நான் எழுந்திருக்கவில்லை.

“மவளை இழுத்து அந்தாண்ட விடு,” என்றார் மண்டோர். “முடியாதுன்னா கம்பை என்கிட்ட குடுத்துட்டு நாளையிலேர்ந்து வீட்டுல இரு.”

அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான் ஒருவரை அப்படி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அப்பாவின் கை கம்பில் மேலும் கீழும் நகர்ந்தது. நான் எழுந்தால் செவலை போகும், உட்கார்ந்திருந்தால் வேலை போகும் என்பது அந்த வயதிலும் எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் எழவில்லை. செவலையின் கழுத்தைத் தடவி, மேலே இருந்த நூலை விரலால் தூக்கிக் காட்டினேன்.

“மண்டோர் மாமா, இது நான் கட்டுனதில்ல. பாக்கியம் அத்தை கட்டுனது. தம்பிக்கு இழுப்பு நிக்கணும்னு.”

பாக்கியம் அத்தை மண்டோரின் மனைவி. அவர்களுடைய சின்னப் பையன் மூச்சு இழுத்து இழுத்து நீலம் பாரித்துக் கிடந்ததும், பிறகு தேறி எழுந்ததும் தெருவுக்கே தெரியும். நூல் விஷயம் மட்டும் மண்டோருக்குத் தெரியாது. கடைக்குள்ளிருந்து ராவுத்தர் தராசைத் துடைத்தபடி, “மண்டோரே, லைசென்ஸ் உங்க வீட்டுலதான் குடுக்கறாங்களாம் லா,” என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மண்டோர் சிரிக்கவில்லை. குனிந்து நூலின் முடிச்சைப் பார்த்தார்.

“சாயங்காலம் வண்டி மறுபடி வரும்,” என்றார். “அப்ப இது இங்க கெடந்தா நூலையும் பாக்க மாட்டேன், யாரு கட்டுனதுன்னும் பாக்க மாட்டேன்.”

வண்டிக்குத் திரும்பிய அப்பா என்னைப் பார்க்காமல், கம்பைத் தோளில் மாற்றிக்கொள்கிற சாக்கில் ஒரு வார்த்தை சொன்னார். “தேக்கா சந்தையில ஆங் மோ கியோ போற காய்கறி லாரி இன்னும் கெளம்பல.”

குட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடினேன், செவலை பின்னாலேயே ஓடிவந்தது. ஆங் மோ கியோ அப்போது காடும் பன்றிப் பண்ணையும் கீரைப் பாத்தியுமாக இருந்தது. அங்கே கொடுத்தால் சீனர்கள் அடித்துத் தின்றுவிடுவார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். நாய் வண்டியில் போனால் மட்டும் மாலை போட்டு வைத்திருப்பார்களா என்று கேட்டேன். லாரிக்காரச் சீனத்தி செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, “ஜாகா போலே?” என்று சந்தை மலாயில் கேட்டாள், காவல் காக்குமா என்று. போலே, போலே என்றேன். செவலையையும் குட்டிகளையும் ஏற்றிக்கொண்டாள். அவள் முடிவை மாற்றிக்கொள்வதற்குள் நானும் காலிக் கூடைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பண்ணையில் இறங்கியதும் அவள் அந்த மஞ்சள் நூலைத் தொட்டு இது என்னவென்று கேட்டாள். சாமி என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய் ஒரு சிவப்பு நூல் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே கட்டினாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த லாரி என் லாரி. அப்பா பிடித்தார், நான் கடத்தினேன். ராத்திரி ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம், அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவரை நான் குறை சொன்னதில்லை, இன்றும் சொல்லமாட்டேன். அப்புறம் நான் ஜொகூர் தோட்டங்களில் சுற்றினேன். செம்பவாங் கப்பல் தளத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் துணி துவைத்தேன். அவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது கேட்டிலேயே கட்டிப்போட்டுப் போன நாய்களை அவிழ்த்துவிட்டேன். நான் திரும்பி வந்தபோது ஆங் மோ கியோவில் பண்ணைகள் இல்லை. பண்ணைக்காரர்களை அடுக்குமாடிக்கு அனுப்பியிருந்தார்கள். நாய்களுக்கு மாடி கொடுக்கவில்லை.

இப்போது அதே ஆங் மோ கியோவில், ஏழாவது மாடியில் இருக்கிறேன். ராவுத்தர் கடையும் இல்லை, காய்கறி லாரியும் இல்லை, கார்பாலிக் வாடையும் இல்லை. என் கட்டிலுக்கடியில் ஒரு செந்நிற நாய் படுத்திருக்கிறது; கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சாக்கடையில் கிடைத்தது, வளர்ந்து இப்போது என் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. இவ்வளவு பெரிய நாயை வீட்டில் வைக்கக் கூடாது என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் நாலு மொழியில் ஒட்டியிருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. நாலாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும், நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அதன் கழுத்தில் நைந்துபோயிருந்த மஞ்சள் நூலை எடுத்துவிட்டுப் புதியது கட்டினேன்.