பதினொரு மணிக்கு வந்து பார்த்தார்கள்

ஆரியசாலை முக்கில் இப்போது நிற்கிற கம்பி வேலிக்குச் சிமென்ட் குழைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நான் தலைகுனிய வேண்டாம்.

பிழைக்க மலையாள ஊருக்கு வந்தவள் நான்; கொத்தனாருக்குக் கையாள். மணல் சலிப்பேன், கலவை சுமப்பேன். காலை ஆறரைக்கு அந்த முக்கில் நிற்போம். ஆள் தேவைப்படுகிறவர்கள் வண்டியில் வந்து கூட்டிப்போவார்கள். கொத்தனார்கள் பூட்டிய கடையின் சுவரோரம். பெயிண்ட் அடிப்பவர்கள் மின்கம்பத்தடியில். பெண்கள் பாதாம் மரத்தடியில். யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. நின்று நின்று ஆன இடம்.

நடுவில் ஒரு கல். சாக்கடை ஓடையை மூடியிருந்து உடைந்த பலகைக்கல். நாங்கள்தான் நகர்த்திப் போட்டோம். முந்தின நாள் வேலை கிடைக்காதவர் அதில் உட்கார வேண்டும். வண்டி அதன் முன்னால்தான் நிற்கும். எவ்வளவு தெரிந்த வீட்டுக்காரர் வந்தாலும், "கல்லுல இருக்கவங்கள முதல்ல எடுங்க" என்போம். அவர்களுக்கும் பழகிவிட்டது. வேலைக்காக அங்கே ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். இரண்டு கொத்தனார், இரண்டு கையாள் வேண்டும் என்றார்.

"எங்க வேலை?" என்றேன்.

"இங்கதான்."

"நல்லதாப் போச்சு, பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்" என்று பெரிய கொத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். மடச்சி.

பழைய கடைத்தெருவை அழகாக்குகிறார்களாம். முக்கைச் சுற்றிக் கம்பி, உள்ளே பூந்தொட்டி. மேற்பார்வைக்கு ஒரு எஞ்சினியர் பெண், மலையாளி. கையில் தெருவின் படம். கோயிலுக்கு ஒரு நிறம், மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஒரு நிறம், சாயாக்கடைக்குக்கூட ஒன்று. எங்கள் முக்கு மட்டும் வெள்ளை.

"இதென்ன, இங்க ஒண்ணும் இல்லியா?"

"அவிடெ ஒண்ணும் இல்லல்லோ சேச்சி. சும்மா கெடக்குற ஸ்தலம். நாங்க வந்து பாத்ததாக்கும்."

"எத்தன மணிக்கு வந்த மோளே?"

"பதினொண்ணு ஆயிருக்கும்."

"பதினோரு மணிக்கு நாங்க இங்க நின்னா, அன்னைக்கு எங்க வீட்டுல அடுப்பு எரியலன்னு அர்த்தம்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "ப்ளான் பாஸ் ஆயிப்போச்சு சேச்சி" என்றது. கெட்ட பெண் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இத்தனை பேர் படித்துவிட்டு வந்து அளந்தார்கள். ஒருவருக்கும் காலையில் வரத் தோன்றவில்லை. கட்டடம் இருந்தால் இடம், ஆள் நின்றால் இடமில்லையா? அந்தக் கடைத்தெருவும் ஆள் புழங்கித்தானே தெருவானது?

கல்லைப் பெயர்க்கச் சொன்னார் கான்ட்ராக்டர். "அத நான் தொடமாட்டேன்" என்றேன். கொத்தனார்கள் இருவரும் அதைத் தூக்கிச் சுவரில் சாத்தினார்கள். கலவை மட்டும் நான் சுமந்தேன். கூலி வாங்கினேன்.

கம்பி நின்ற மறுநாள் தெருவோரம் எல்லோரும் கலந்து நின்றோம். வண்டி எங்கே நிற்குமென்று தெரியாது. நின்ற இடத்துக்கு ஓட்டம். யார் கொத்தனார், யார் பெயிண்டர் என்று வந்தவர்களுக்கும் புரியவில்லை. என்னோடு நிற்கும் ஒருத்தியை மைனி என்பேன். அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவதுதான்; உறவில்லை, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி. அவளுக்கு முட்டி வீக்கம். இரண்டு நாளாக வேலையும் இல்லை. கல் இருந்திருந்தால் முதல் வண்டி அவளுக்கு. அன்று அந்த வண்டியில் முதலில் ஏறியது நான்.

மறுநாள் காலை மைனி கேட்டாள். "நேத்து நல்லா ஓடுனட்டி. மெடல் குடுத்தாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நேரே பெரிய கொத்தனாரிடம் போனேன். "அண்ணே, கல்ல எடுங்க."

நாலு பேர் தூக்கினோம். கம்பிக்கு வெளியே புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். அதில் அதே படம், அதே வெள்ளை. அதன் அடியில் கல்லைப் போட்டு மைனியை உட்கார வைத்தேன். இரண்டு வண்டிகள் தாண்டிப் போய் நின்றன. ஒருவரும் ஓடவில்லை. மூன்றாவது, கல்லுக்கு முன்னால் நின்றது. மைனி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாக ஏறினாள்.

கல்லை எடுக்க ஆள் வருமென்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். வரட்டும். ஆறரைக்கு வரட்டும்.