செவலை பார்த்துத்தான் தாண்டும்

"பால் வந்தாச்சு, பாத்திரம் எங்கே?" சிவகாமசுந்தரி தெருமுனையில் போடும் சத்தத்தில் காஜா பேராங் தெருவின் கடைசி வீட்டு விளக்கும் எரியும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. சைக்கிளில் மணி உண்டு, அடிக்கமாட்டாள். வீட்டில் மூன்று மாடுகள். "மூணும் எனக்கு ஒண்ணுதான்" என்பாள். கை மட்டும் செவலைப் பசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கும்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த ஆண்டின் கார்த்திகை மழையில், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ராஜரத்தினத்தின் கார் செவலையை இடித்துச் சாலையோரப் பெரிய சாக்கடையில் தள்ளியது. மாட்டுக்குச் சிராய்ப்புதான், ஆனால் ஏறி வர வழியில்லை. கிராணியே ஓடிப்போய்ப் போன் செய்ய, பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தீயணைப்பு வீரர்கள் நால்வர் இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிறு கட்டி அதைக் கரையேற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதற்கான பில் அவள் பெயருக்கு வந்தது: முப்பத்தைந்து வெள்ளி. மாடு திடீரென்று குறுக்கே பாய்ந்தது என்று கிராணி எழுதிக் கொடுத்திருந்தார்.

"பாஞ்சுச்சா? என் செவலையா?"

தாளோடு நேரே பொம்பா அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி தேவதாஸ் தன்மையாகத்தான் சொன்னார்: "கட்டிடுங்கம்மா. உங்க பக்கம் சாட்சி இல்லையே."

"மெர்டேக்கா வந்தாச்சு, இன்னமும் காரு வச்சிருக்கிறவர் சொல்றதுதான் சாட்சியா? நாளைக்கு நாலு மணிக்கு எங்க தெருவுக்கு வாங்கய்யா, கிராணியையும் கூட்டிட்டு. செவலை எப்படி ரோட்டைத் தாண்டுதுன்னு கண்ணால பாருங்க."

வேடிக்கை பார்க்கும் ஆசையில்தான் தேவதாஸ் கிராணியோடு வந்தார். தெருவே வந்திருந்தது. மேய்ச்சல் முடிந்து தனியாகத் திரும்பிய செவலை சாலையோரத்தில் நின்றது. பஸ் போனது, மாடு நின்றது. லாரி போனது, அப்போதும் நின்றது. சிவகாமசுந்தரி துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு, "மானத்தை வாங்கிடாதேடி" என்று முணுமுணுத்தாள். சாலை வெறிச்சோடியதும் செவலை இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நிதானமாகக் கடந்து கொட்டகைக்குள் நுழைந்தது.

ஒரே கைதட்டல். தேவதாஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் கேட்டார்: "இதுவா பாஞ்சுச்சு, கிராணி?"

ராஜரத்தினம் தலையைத் தொங்கப்போட்டார். "மழையில கார் கண்ணாடியில ஒண்ணும் தெரியலைங்க. ஓரமா நின்ன மாட்டைத்தான் இடிச்சிட்டேன் போல. நானே கட்டிடுறேன்."

மறுநாளே சிவகாமசுந்தரி ஒரு டின் பாலைக் காய்ச்சி ஏலக்காய் தட்டிப் போட்டுக்கொண்டு பொம்பா நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்தாள். "பில்லுக்குத்தான் சண்டை போட்டேன். நீங்க செஞ்சது லேசுப்பட்ட வேலைன்னு நான் சொல்லலை" என்று தமிழும் மலாயுமாக நால்வரிடமும் சொன்னாள். பிறகு கேட்டாள்: "வாலைப் பிடிச்சுத் தூக்கினவர் யாரு?"

ஒருவர் கூச்சத்தோடு கை தூக்கினார். மற்றவர்கள் அவர் மேல் சாணி நாற்றம் இன்னும் போகாததுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் குவளையைத்தான் அவள் முதலில் நிரப்பினாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்.