பரமேஸ்வரனின் சுத்தமான ஃபைல்

செந்தூல் பரமேஸ்வரனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. எல்.ஆர்.டி. ரயில் மூன்று நிமிடத்தில் வரும் என்று பலகை சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மனைவி குமுதா பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பெட்டாலிங் ஜெயாவில் மின்தூக்கிக் கதவுகளுக்கு நிரல் எழுதும் வேலைக்கு அந்தக் குணம் பொருத்தம்தான். பத்தொன்பது வருடமாக, அவர் ஃபைலில் ஒரு பிழை எச்சரிக்கையைக்கூட நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அவருடைய கம்பைலர் காட்டியதில்லை. அதில் மனிதருக்குத் தலைக்கனமும் உண்டு.

புதிதாகச் சேர்ந்த மெஹ்ரின், சிப்பில் இடம் போதவில்லை என்று நிரலைச் சுருக்கப் போனாள். அன்றே அவள் திரையில், அவருடைய ஃபைலுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: கதவின் நிலைக்கு மதிப்பு தராமலேயே அதைப் பயன்படுத்த வாய்ப்புண்டு.

பரமேஸ்வரனுக்குப் பகீரென்றது. இவள் கை வைத்திருக்கிறாள்! மாற்றங்களின் பதிவில் அவள் பெயர் இல்லை. தடயத்தையும் அழித்துவிட்டாளா? கெட்டிக்காரிதான். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார், சுத்தமாக வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான்கு நாளில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். கூடாது என்று மேனேஜர் ராதாகிருஷ்ணனுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"உங்க ஃபைல நான் தொடவே இல்ல அங்கிள்," என்றாள் மெஹ்ரின். "நிரலைச் சுருக்குற ஆப்டிமைசேஷன ஆன் பண்ணேன், அவ்ளோதான் லா. நீங்க ஆஃப்லயே வச்சிருக்கீங்க. ஆஃப்ல கம்பைலர் வரிக்கு வரி மாத்திட்டுப் போயிரும். ஆன்ல இருந்தாதான் எந்த வேல்யூ எந்த வழியா வருதுன்னு தேடும். ஓட்டை அப்பதான் தெரியும்."

"கதை விடாதம்மா."

அவள் வாயை அடைக்கவே, யாரும் தொடாத தன் பழைய பிரதியைப் பென்டிரைவிலிருந்து எடுத்து, ஆப்டிமைசேஷனைப் போட்டு ஓட்டினார். அதே எச்சரிக்கை, அதே வரியில். சென்சார் பதில் தராவிட்டால், கதவு மூடியிருக்கிறதா என்று அவர் நிரலுக்கே தெரியாது.

ஊரையே சந்தேகப்பட்டவர் தன் கணினியை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பு என்னோடதுதான் பாஸ். இந்தப் பொண்ண கன்ஃபர்ம் பண்ணிருங்க."

ராதாகிருஷ்ணன் கடிதத்தைக் கிழித்தார். பிறகு அவரையே பார்த்தார்.

"அப்போ இங்க வேலை பாத்த குரு? உங்க ஃபைல்ல வார்னிங் வருதுன்னுதானே அவனும் போன வருஷம் சொன்னான்? பொய் சொல்றான்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க அண்ணே. அவன அனுப்பிட்டோம்."

குரு பரமேஸ்வரனிடம் மூன்று முறை வந்து சொல்லியிருந்தான். மூன்று முறையும் எச்சரிக்கை இல்லாத தன் திரையைத் திருப்பிக் காட்டித்தான் அவனை விரட்டியிருந்தார்.