ஹிக்கி வீட்டுக் கல்யாணப் பதிவு

இன்று காலை சமையலறையில் வினாகிரிப் போத்தல் கவிழ்ந்துவிட்டது. அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு மொறீன் ஹிக்கியின் நினைவு வந்தது. பழைய மைக்ரோஃபிலிம் சுருள்களுக்கும் அதே வாசம்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் நானும் அவளும் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினோம். மொறீன் ஐரிஷ்காரி. அதாவது, ஐந்து தலைமுறையாக மொன்றியலை விட்டு அசையாத ஐரிஷ்காரி. அயர்லாந்தில் தங்களுக்கு ஒரு கோட்டை இருந்ததாக அவளுடைய தாய் சொல்வாராம். (ஊரில் கோட்டை விட்டுவிட்டு வராதவர்களை இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களிலும் காண்பது அரிது.) தாய்க்கு எண்பத்தாறு வயது. கண்ணை மூடுமுன் அந்த ஊரின் பெயராவது தெரிந்தால் போதும் என்றிருந்தார். முதலில் வந்திறங்கிய ஹிக்கியின் கல்யாணப் பதிவு கிடைத்தால் ஊரும் கிடைத்துவிடும். மூன்று வருடச் சனிக்கிழமைகளைத் தேவாலயப் பதிவுகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களில் செலவழித்தும், அந்த மனிதர் கல்யாணமே கட்டாதவர் போலத்தான் தெரிந்தது.

ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மனைவிக்கு ‘ஹ’ வராது.

“இக்கிக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேளுங்கோ.”

தன் பெயர் காதில் விழுந்து மொறீன் சிரித்தாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாளாம். எனக்குச் சோற்றுக் கை அப்படியே நின்றது. கல்யாணம் கட்டிவைத்த பாதிரியாரும் பிரெஞ்சுக்காரர்தானே? காதில் விழுந்ததைத்தானே எழுதியிருப்பார்?

அடுத்த சனிக்கிழமை ‘எச்’சை விட்டுவிட்டு ஆங்கில ‘ஐ’ எழுத்தில் தேடினோம். அரை மணித்தியாலத்தில் ‘இக்கே’ என்று ஒரு மாப்பிள்ளை அகப்பட்டார். கையெழுத்துக்குப் பதில் ஒரு கோணல் சிலுவை. கீழே ஊர்ப்பெயர்.

அந்த ஊரின் பழைய காணிப் பதிவையும் எழுதி வரவழைத்தாள். குத்தகை நிலம், ஒரு சிறு வீடு, ஒரு மாட்டுக் கொட்டில். கோட்டை இல்லை.

இதைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழிநெடுக விரலைக் கடித்துக்கொண்டு வந்தாள். முதியோர் இல்லத்தில் ஒளிக்காமல் வாசித்தாள். அவர்கள் ஆங்கிலத்தில் கதைத்தது எனக்குத் தமிழில்தான் கேட்டது.

“மாடு நிண்டதோ?”

“கொட்டில் எண்டுதான் கிடக்கு, அம்மா.”

“கொட்டில் இருந்தால் மாடும் நிண்டிருக்கும்.”

அன்று தேநீர் நேரத்திலேயே, தங்களிடம் ஒரு பட்டி மாடு இருந்ததாக அவர் பக்கத்து மேசைக்குச் சொல்லிவிட்டார். மொறீன் திருத்தவில்லை. என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். பேந்து பார்த்தால் என் சட்டை நனைந்திருந்தது.

தாய் கண்ணை மூடி, பின்னால் மொறீனும் போய்விட்டாள். சுருள்களெல்லாம் கணினிக்குள் ஏறிவிட்டன. போன மாதம் நானும் என் பெற்றோரின் கல்யாணத்தைத் தேடினேன், ‘அ’ முதல் எல்லா எழுத்திலும். எங்கள் ஊர்த் தேவாலயப் பங்கின் பதிவுப் புத்தகம் எதிலும் ஏறவில்லை. அது இருந்த அறைக்குச் சண்டைக்குப் பிறகு கூரையே இல்லையென்று ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார்.