இந்திராதேவி காலை எடுக்கவில்லை

இந்திராதேவி மொன்ட்ரியாலுக்கு வந்து இறங்கியது 1991 ஏப்ரல் 6, சனிக்கிழமை. அந்நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாலு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறார். 2007 ஒக்டோபரில், ஐம்பத்திரண்டு வயதில், மூன்றாம் முயற்சியில் லைசென்ஸ் எடுத்தார். லைசென்ஸ் அவருடைய கைப்பையில் இருந்தது. கார்ச் சாவி கணவர் விமலநாதனின் காற்சட்டைப் பையில்.

வீடு இருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து அவர் வேலைக்குப் போக பஸ்ஸும் மெற்றோவுமாக ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம். விமலநாதனின் வேலையிடமோ பத்து நிமிடத் தூரம். கார் அங்கே நாள் முழுக்கச் சும்மா நிற்கும்.

"ஸ்னோவுக்கை நீர் கார் ஓடமாட்டீர்," என்பார் விமலநாதன்.

புதுக் காரில், சக்கரம் வழுக்காமல் தானே விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் பிறேக் இருந்ததை அவர் மன்னிக்கவேயில்லை. "இருபது வருசமா என்ரை கால்தான் பிறேக் பிடிச்சது. இனிக் கொம்பியூட்டரிட்டைக் கேக்கோணுமோ?" பனியில் பிறேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். ஒரேயடியாக அழுத்திப் பிடி, மிச்சத்தை அது பார்க்கும் என்று இந்திராதேவிக்குப் பழக்கியவர் சொல்லியிருந்தார்.

2008 ஜனவரி 13, ஞாயிறு, பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை குளிர். பூட்டிய பள்ளிக்கூடமொன்றின் பனி இறுகிய கார் நிறுத்துமிடத்துக்கு, அடுத்த வீட்டுக்காரனான என்னை அளவுநாடாவோடு கூட்டிப்போனார்கள். நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, அடையாளத்துக்கு வைத்த சிவப்பு வாளியடியில் பிறேக் போட வேண்டும். இந்திராதேவி குறைந்த தூரத்தில் நிறுத்தினால் சாவி அவருக்கு. இல்லாவிட்டால் கோடை வரும்வரை பஸ்.

விமலநாதன் தையல் மெசின் மிதிப்பதுபோல மிதித்தார். கார் சாவகாசமாகப் போய் நின்றது. 33.40 மீற்றர்.

அடுத்து இந்திராதேவி. விமலநாதன் பக்கத்தில் ஏறிக்கொண்டார், நான் பின்னால். வாளியடியில் இந்திராதேவி அழுத்தியதும் பிறேக் கரகரவென்று காலுக்கடியில் அதிர்ந்தது.

"காலை எடும். ஏதோ உடையுது."

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அது தன்ரை வேலையைச் செய்யுது."

24.85.

விமலநாதன் இறங்கி இரண்டு தடங்களையும் பார்த்தார். "அண்ணை, உங்கடை நாடா இழுபடுது. என்ரையைத் திருப்பி அளவுங்கோ."

அளந்தேன். 33.52.

"அதை எழுதாதேங்கோ."

எழுதினேன். ஆழமான புதுப்பனியில் இதே பிறேக் தூரத்தைக் கூட்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். அதைக் கேட்டு விமலநாதன் கொஞ்சம் தெம்பானார். ஆனால் இந்திராதேவி சாவிக்குக் கையை நீட்டியபடியே நின்றார்.

திங்கள் காலை 6.14க்கு அவர் காரை எடுத்தார். விமலநாதனின் பஸ் 7.05க்கு வரவேண்டியது. ஒன்பது நிமிடம் பிந்தியது.