கூரையில் நான்கு எலும்புகள்

"போல்ட்டா, வெல்டா?" என்று கேட்டார் கிரெசென்சியோ.

நிக்கனோர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. குவாத்தெபெக் மேட்டில் போல்ட்டு வைத்து முடுக்கிய எந்தப் பொருளும் உடையவரிடம் அதிக நாள் தங்குவதில்லை. பக்கக் கண்ணாடியும் சக்கர மூடியும் சொல்லாமல் கழன்றுபோய், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய உடையவருக்கே விலைக்கு வரும்.

"வெல்டுதான், கொம்பாத்ரே. உயிரே போனாலும் அது பிரியக் கூடாது."

கிரெசென்சியோ நிக்கனோருடைய மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவினால் இருவரும் பதினெட்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று அழைத்து, 'நீங்கள்' என்றே மரியாதை கொடுத்து வந்தனர். மேட்டின் நடுவில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த கிரெசென்சியோ, அங்கே ஓடிய வோச்சோக்களில் பாதியையாவது ஒருமுறை தட்டி நிமிர்த்தியவர். வண்டு போல் முதுகு வளைந்த பழைய ஃபோக்ஸ்வாகனுக்கு அங்கே வோச்சோ என்றுதான் பெயர். செங்குத்தான அந்தத் தெருக்களில் வேறெந்தக் காரையும் எவரும் நம்புவதில்லை.

நிக்கனோர் தம்முடைய வோச்சோவைப் பதினோரு ஆண்டுகள் டாக்ஸியாக ஓட்டியவர். அந்த உழைப்பில்தான் ரொட்டிக் கடையும் செங்கல் அடுப்பும் அவருக்குச் சொந்தமாயின. அவருக்கு ஐம்பத்தொன்று ஆனபோது, மேட்டின் அடிவாரத்தில் ஒரு பேரங்காடி திறந்தது. அங்கே ரொட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்தது, பையும் இலவசம். மாலையில் அவர் கடையில் தட்டுகள் முக்கால்வாசி நிறைந்தபடியே கிடந்தன. மனைவி ஒப்துலியா மறுநாள் அவற்றை இடித்துத் தூளாக்கினாள். அந்தத் தூளும் விற்கவில்லை.

"ராஜாக்கள் திருநாள் முடிஞ்சு ஜனவரி ஏழு வரைக்கும் பாப்போம்," என்றாள் அவள். "அதுக்கப்புறமும் இப்படியேன்னா அடுப்ப அணைச்சிடலாம். நீ மறுபடி டாக்ஸி ஓட்டு. நான் யார் வீட்லயாவது துணி தோய்க்கிறேன்."

ஒருநாள், மாவு தோய்ந்த கையோடு வாசலில் நின்ற நிக்கனோரின் கண்ணில் வண்டியின் கூரை பட்டது. உருண்டு, உப்பி, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டி போல் இருந்தது. அக்டோபர் மாதம், கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மேட்டிலுள்ள ஒவ்வொரு வீடும் இறந்தோர் ரொட்டி வாங்கும் நேரம். உருண்டை ரொட்டி, நடுவில் மண்டையோடாக ஒரு குமிழ், அதிலிருந்து நான்கு பக்கமும் இறங்கும் எலும்புகள், மேலே சர்க்கரை.

கிரெசென்சியோ புகைக்குழாய்த் துண்டுகளை வளைத்துக் கூரையின் நான்கு மூலைக்கும் இறக்கி வெல்டு வைத்தார். இரும்பு அரைக்கோளம் ஒன்றை நடுவில் பதித்தார். பட்டி பூசி, தேய்த்து, முனைகளை எலும்பு போலவே புடைக்கச் செய்தார். பொன்பழுப்பு நிறம் அடித்து, வெள்ளைச் சாயத்தில் மணலைக் கலந்து சர்க்கரையாகத் தெளித்தார். டாக்ஸிக் காலத்தில் கழற்றிய, ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கையின் இடத்தில் ரொட்டித் தட்டு அடுக்கு ஏறியது.

திருநாள் வரைக்குமான அந்தப் பன்னிரண்டு நாட்களைப் போல் நிக்கனோரின் வாழ்வில் அதற்கு முன் வந்ததில்லை. வண்டி மேடேறும் சத்தம் கேட்டதும் கதவுகள் திறந்தன. பேரங்காடிப் பையோடு வந்தவர்களும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவரிடம் வாங்கினர். ஒப்துலியா நாளுக்கு மூன்று முறை மாவு பிசைந்தாள்.

பிறகு நவம்பர் மூன்று பிறந்தது. வீடுகளில் படையல் கலைந்தது. செண்டுமல்லிப் பூக்கள் குப்பைக்குப் போயின. திருநாளுக்கு வீடு தேடி வந்த இறந்தவர்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டனர். நிக்கனோரின் கூரையில் மட்டும் எலும்புகள் அப்படியே இருந்தன.

முதலில் அது வேடிக்கையாகவே இருந்தது. பன்னிரண்டாம் தேதி, மேட்டில் குடியிருந்த செனாய்தாவின் வீட்டு வாசலில் கிளட்ச் கம்பி அறுந்து, வண்டி மூன்று மணி நேரம் அங்கேயே நின்றது. உள்ளே அவளுடைய கணவர் அமதோர் எட்டு மாதமாகச் சர்க்கரை நோயில் படுத்திருந்தார். அன்று மாலையே அவர் கண்மூடினார்.

ஒன்பது நாள் ஜெபமாலைக்கு நிக்கனோர் ஒரு கூடை ரொட்டியோடு போனார். செனாய்தா கூடையின் துணியைக் கூட விலக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க, நிக்கனோர்? அன்னிக்கே வாசல்ல வந்து நின்னு அவரக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே."

ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினர். நிறைந்த கூடை நிறைந்தபடியே வீடு திரும்பியது.

அந்த ஒரு வாக்கியம் மேடு முழுவதும் ஏறி இறங்கியது. வண்டி வந்தால் பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சன்னலைச் சாத்தினர். எரிவாயு உருளை விற்பவன் தன் லாரியிலிருந்து கூவினான்: "யோவ் நிக்கனோர்! பட்டியல்ல என் மாமியார் பேர் இருக்கா? விலாசம் வேணும்னா நான் தர்றேன்!" கல்யாண நாளன்று கோயில் பக்கம் வர வேண்டாமென்று பங்குச் சாமியாரே ஆள் அனுப்பினார். வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார் நிக்கனோர். அந்தத் தெருக்காரர்கள் கூடி வந்து கதவைத் தட்டினர். கடைக்கு வந்துகொண்டிருந்த மிச்சம் மீதிப் பேரும் நின்றுபோனார்கள்.

டிசம்பர் நடுவில் பட்டறைக்குப் போனார்.

"வெட்டி எடுத்துடுங்க, கொம்பாத்ரே."

கிரெசென்சியோ கூரையைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அடி முதல் நுனி வரைக்கும் வெல்டு. தகடு சூட்டுல இளகிப் போயிருக்கு. நாலு எலும்பையும் எடுத்தா கூரை சல்லடையாயிடும். அன்னிக்கே கேட்டேனே, போல்ட்டான்னு."

"நானும் சொன்னேனே, உயிரே போனாலும்னு. ஊரார் உயிரச் சொல்லலையே நான்!"

கிரெசென்சியோவுக்குச் சிரிப்பு வந்தது. நிக்கனோரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அன்று நண்பகல் நிக்கனோர் தாமே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினார். ஒரு மணி நேரம் வெறி பிடித்தவர்போல் அடித்தார். பட்டிதான் பெயர்ந்தது; பழுப்பு நிறம் போன இடத்தில் வெளிறிய குழாய் தெரிந்தது. முன்பு ரொட்டி எலும்பாக இருந்தது இப்போது மெய்யான எலும்பு போலாகிவிட்டது. சுத்தியலைக் கீழே எறிந்துவிட்டு நடுக்குமிழின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதினோரு ஆண்டு டாக்ஸி ஓட்டிச் சேர்த்த அடுப்பைத் தம் கையாலேயே அணைத்துவிட்டோம் என்பது மட்டுமே அவர் மனத்தில் ஓடியது.

ஒப்துலியா வாசலில் வெகுநேரம் நின்று பார்த்தாள்.

"எழுந்திரு."

"எழுந்து என்ன பண்றது?"

"அந்த மண்டை மேலேர்ந்து எழுந்திருன்னேன். அத மட்டும் வெட்டி எடுத்தா என்ன மிஞ்சும்?"

"ஓட்டைதான் மிஞ்சும்."

"இத்தனை வருஷமா ரொட்டி சுடுறே. நடுவுல ஓட்டை இருக்கிற ரொட்டி எது?"

நிக்கனோர் கையை விலக்கினார். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சுடும் வளைய ரொட்டி, ரோஸ்கா. அதற்குள் ஒரு குட்டிப் பொம்மை ஒளிந்திருக்கும்; அது யார் பங்கில் அகப்படுகிறதோ அவர்தான் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லாருக்கும் விருந்து போட வேண்டும். ரோஸ்காவின் மேல் நான்கைந்து இடத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பழக்கீற்று பதித்திருக்கும். கூரையில் எலும்புகள் இருந்த அதே இடங்கள் அவை.

"மழை பெஞ்சா?" என்றார்.

"ஜனவரியில எங்க மழை? இனிமே நனையுறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

கிரெசென்சியோ குமிழைச் சுற்றி ரொட்டித் தட்டளவுக்கு வட்டமாக அறுத்து, விளிம்பை உள்ளே மடித்துத் தட்டினார். எலும்புகளின் புடைத்த முனைகளைத் தேய்த்துத் தட்டையாக்கிச் சிவப்பும் பச்சையும் பூசினார். கூலி வாங்கவில்லை, வண்டியை நேருக்கு நேர் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி காலை வண்டி மேடேறியது. அடுக்கு முழுவதும் ரோஸ்கா. உட்கார இடமில்லாததால் ஒப்துலியா நின்றபடி வந்தாள். மார்புக்கு மேலே அவள் உடல் கூரை ஓட்டை வழியாக வெளியே தெரிந்தது. நிக்கனோர் ஹாரனை அடித்தார். சன்னல்கள் சாத்தப்படவில்லை, திறக்கவும் இல்லை. முதல் தெருவில் ஒன்றும் விற்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒரு குழந்தை ஓடிவர, தாய் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மூன்றாவது தெரு செனாய்தாவினுடையது. குறுகலான அந்தத் தெருவில் திரும்ப வழியில்லை. அவள் கறுப்பு உடையில், துடைப்பத்தோடு நடுத்தெருவில் நின்றாள், நகரவில்லை. நிக்கனோர் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. நின்றது அதே வாசலில்தான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைகுனிந்தார்.

செனாய்தா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"என்னது இது?"

"ரோஸ்கா, செனாய்தாக்கா," என்றாள் ஒப்துலியா மேலிருந்து.

"ரோஸ்காவுக்குள்ள பொம்மை வச்சிருக்கணுமே."

செனாய்தா அண்ணாந்து, மாவு படிந்த தலையும் உருண்ட முகமுமாகக் கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒப்துலியாவையே பார்த்தாள்.

"பொம்மை நீதானா? கொஞ்சம் பெரிசால்ல வச்சுட்டாங்க!"

எங்கோ ஒரு சன்னலுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஒப்துலியா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"என் வாசல்லதான் பொம்மை வந்திருக்கு. அப்போ பிப்ரவரி ரெண்டாம் தேதி சோளமாவுல தமால் அவிச்சுப் போட வேண்டியது நான்தான்." செனாய்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அமதோர் இல்லாத வீட்ல யாருக்குன்னு அவிக்கிறது?"

"தெருவே வரும், அக்கா. நாங்க முதல்ல வர்றோம்."

செனாய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு வண்டிச் சன்னலுக்குள் கையை நீட்டினாள். "பெரிசா ஒண்ணு குடுங்க, நிக்கனோர். நேத்து சுட்டதக் குடுத்துடாதீங்க."

நிக்கனோர் எடுத்துக் கொடுத்தார். பழக்கீற்று ஒன்று கழன்று விழுந்தது. எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. திறந்தவள் வாங்குவதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. அடுக்கில் முப்பத்தொன்பது ரோஸ்காக்கள் மீதியிருந்தன. அவர் பழக்கத்தால் முதல் கியரைப் போடப் போனார்.

"வண்டிய எடுக்காதீங்க," என்றாள் செனாய்தா, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி. "கொஞ்ச நேரம் இங்கேயே நிக்கட்டும்."