வலப்பக்கம் விழுந்த பூ

என் மகளுக்கு மூன்றரை வயது. நான் விளக்கேற்றினால் அவளும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் முடித்துவிட்டேனா என்று பார்ப்பாள். இது பக்தியா, வெறும் பழக்கமா, நான் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேனா என்று குழம்பும்போதெல்லாம், அம்மாவுக்குச் சாமி நம்பிக்கை வந்த சாயங்காலம் நினைவுக்கு வரும். அதை வரவழைத்தது நான்தான் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓசூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவின் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்திருந்தார்கள். ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார் அப்பா. அம்மா பிடிகொடுக்கவில்லை. எனக்கோ போக மனமே இல்லை. அடுத்த வீட்டுச் சிறுமியோடு தெலுங்கில் சண்டை போடும் அளவுக்கு அப்போதுதான் தேறியிருந்தேன்.

எங்கள் தெருவில் பெரிய முடிவு என்றால் மாரியம்மனிடம் பூக் கேட்பார்கள். அம்மன் தலையில் நனைத்த பூ ஒன்றை ஒட்டவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். இங்கேயே இருக்கலாமா என்று கேட்கப் போனாள் அம்மா. ஊரில் கோயிலுக்குப் போனாலும் செருப்புக்குக் காவலாக வெளியிலேயே நின்றுவிடுகிறவள் அவள்.

“இந்த ஊரு அம்மனுக்குத் தெலுங்குதான் தெரியும். நீ கோவில்பட்டித் தமிழ்ல கேட்டா என்னத்தப் புரியும்?” என்றார் அப்பா.

“உங்களுக்கு மட்டும் புரிஞ்சிருச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று வெள்ளிக்கிழமை பூ அசையவே இல்லை. “அவளுக்கு இன்னிக்கு மனசில்ல. அடுத்த வாரம் வாம்மா” என்று பூசாரி எடுத்துவிடுவார். எனக்கு அழுகை வரும். அம்மா வாசலில் உதிர்ந்து கிடந்த வேப்பிலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வருவாள்.

நான்காம் வெள்ளியன்று சாம்பிராணிப் புகை கருவறைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. அந்தப் புகையில் அம்மன் மூச்சு விடுவதாகவே எனக்குத் தோன்றியது. பூ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மனுக்கு இடப்பக்கம், யாரோ காணிக்கையாகக் கொடுத்த மின்விசிறி. பூக் கேட்கும் நேரத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். அதன் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அழுத்தினேன். விசிறி ஒருமுறை முனகிச் சுழன்றது. உடனே அணைத்தேன். பூ வலப்பக்கம் விழுந்தது.

“தல்லி பலிகிந்தி, தாயி வாக்குக் குடுத்துட்டா” என்று பூசாரி தழுதழுத்தார். அம்மா அழுதாள். நாங்கள் ஊருக்குப் போகவில்லை. இரண்டு மாதத்தில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே சூளகிரியில் வேலை கிடைத்தது. அம்மா அன்று முதல் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவள் கிளம்பும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளுடைய அம்மன் வெறும் காற்று என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

போன மாதம், விசிறியைப் போட்டதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மா சற்று யோசித்தாள்.

“பூவா? எந்தப் பக்கம் விழுந்துச்சு அது?”

“வலப்பக்கம்மா. அதப் பார்த்துத்தானே உனக்கு நம்பிக்கையே வந்துச்சு?”

“என்னைக்கு வந்துச்சுன்னு யாருட்டி பாத்தா? நாலு வாரம் கால்கடுக்க நின்னேன். அதுல எப்பவோ வந்திருக்கும்” என்றவள், “ஆடாத தாயி, வகிடு கோணுது” என்று பேத்தியின் தலையை நிமிர்த்தினாள்.

அன்றிரவு படுத்தபின்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. சுவிட்சைத் தொடுவதற்கு முன்பு, அம்மா கவனிக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் கண்களை மூடியிருந்தாள். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. புகை கரிக்கிறது போலும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை என்ற நிம்மதியே அப்போது எனக்குப் போதுமானதாக இருந்தது.